பத்தே முக்கால் அடியில் பூச்சியமான குளம்: ஓர் எண்வகைப் பிழையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளம் வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துச் சிறு குளத்தில் நடந்தது இது. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளங்களை நாளாந்தம் கவனிப்பது பெரும்பாலும் ஊர்க் கமக்காரர் அமைப்புத்தான். இங்கும் அப்படித்தான். வட்டவிதானையாக இருக்கும் பெரியவர் காலையும் மாலையும் குளக்கட்டுக்குப் போய், நீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து, அடியும் அங்குலமுமாகக் கொப்பியில் எழுதுவார். குளம் 12 அடியில் வான் பாயும், அதாவது நிரம்பி வழியும்.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் வெள்ளத்துக்குள் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. இரவில் நீர் ஏறினால் காலை வரை யாருக்கும் தெரியாது என்ற கவலை அன்றிலிருந்தே இருந்தது. அதனால் ஊரைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவரும் அவருடைய நண்பர்களும் நீர்மட்டத்தைத் தானாக அளந்து குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள்.

கருவி வந்த பிறகும் கொப்பியில் எழுதுவதை நிறுத்துவதில்லை என்று கமக்காரர் அமைப்பு முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தது. ஒரு முழுக் காலபோகம் (மாரிகால நெற்செய்கைப் பருவம்) இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். இந்தச் சம்பவத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம்.

பிழை தேடும் கட்டத்தில் அமைப்பு கேட்டதால் நானும் சேர்ந்துகொண்டேன். அதற்கு முந்திய பகுதிகளைக் குறுஞ்செய்திப் பதிவுகள், கொப்பி, மாணவர் வைத்திருந்த நிரலின் பழைய பிரதிகள் ஆகியவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

கருவி

குளத்தின் அடியில் ஓர் அழுத்த உணரி கிடக்கிறது. அது 0 முதல் 5 மீற்றர் வரையான நீர் உயரத்தை 4 முதல் 20 மில்லிஅம்பியர் மின்னோட்டமாகத் தரும். 250 ஓம் தடை ஒன்றின் வழியே அது 1 முதல் 5 வோல்ற்று ஆகிறது. துருசுக் கட்டின் மேல் பெட்டிக்குள் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை அந்த வோல்ற்றளவை 0 முதல் 1023 வரையான ஒரு முழு எண்ணாக வாசிக்கும். இதை மூல எண் என்று வைத்துக்கொள்வோம். நீரே இல்லையென்றால் மூல எண் 205, ஐந்து மீற்றர் என்றால் 1023.

மாணவர் முதலில் கணக்கை மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிப் பார்த்தார். பிறகு அதே வரியைப் பலகைக்காக சி மொழிக்கு மாற்றினார்:

மில்லிமீற்றர் = (மூல எண் − 205) × 61 ÷ 10

ஒரு படிக்கு 6.11 மில்லிமீற்றர் வரும். அதைத் தசமம் இல்லாமல் எழுதவே 61-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தார். முழுக் குளத்திலும் இதனால் அரை அங்குலம்கூடப் பிழை வராது. அடுத்த வரி மில்லிமீற்றரை 10-ஆல் பெருக்கி 254-ஆல் வகுத்து அங்குலமாக்கும். அதற்கடுத்த வரி அங்குலத்தை அடியும் மிச்ச அங்குலமுமாகப் பிரிக்கும். மில்லிமீற்றர் கணக்கு முடிந்ததும் நடுவில் ஒரு காவல் வரியும் இருந்தது: விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்று வை. கோடையில் உணரி லேசாக ஆடி 204, 203 என்று காட்டும்போது நீர்மட்டம் எதிர்க்கணியத்தில் போகாமல் இருக்க அதைச் சேர்த்திருந்தார்.

குறுஞ்செய்தி உறுப்பினர்களின் கைபேசிக்குப் போவதோடு, பொதுநோக்கு மண்டபத்தில் இருக்கும் மடிக்கணினிக்கும் வரும். அங்கே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு பக்கம் மட்டத்தைக் காட்டி, எல்லை தாண்டினால் ஒலி எழுப்பும்.

குளத்தில் இறக்கு முன்னர் உணரியைத் தண்ணீர் நிரப்பிய பரல் ஒன்றுக்குள் வைத்துச் சோதித்தார்கள். மூன்றடிக்கும் குறைந்த ஆழம். எல்லாம் சரியாக இருந்தது.

ஐப்பசி: ஆறடியில் அடித்த மணி

எச்சரிக்கை எல்லை முதலில் நிரலுக்குள்ளேயே 11 என்ற எண்ணாக எழுதப்பட்டிருந்தது. அமைப்பின் செயலாளர் எல்லையைத் தாங்களே மாற்ற வசதி வேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் ஒரு பெட்டி சேர்க்கப்பட்டது. அதில் 11 என்று தட்டினார்கள். அன்றிரவே குளம் ஆறடியில் இருக்கும்போது மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒப்பிடும் வரியில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது அந்த வரிக்குள் வந்த பொருளின் வகை. குறுஞ்செய்தியில் இருந்து பிரித்தெடுத்த "6" ஓர் எழுத்துச் சரம். எல்லை எண்ணாக இருந்தவரை, ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சரத்தைத் தானாகவே எண்ணாக்கி ஒப்பிட்டுக்கொண்டது. பெட்டியில் தட்டுவது எப்போதும் சரமாகவே வரும். இரண்டு பக்கமும் சரம் என்றானதும் ஒப்பீடு அகராதி ஒழுங்குக்குப் போய்விட்டது. அகராதி ஒழுங்கில் "6" என்பது "11"-க்குப் பிறகுதான் வரும். கவனித்துப் பார்த்தால் இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: குளம் 10 அடிக்கு ஏறியதும் மணி நின்றிருக்கும்.

பைத்தானாக இருந்தால் சரத்தையும் எண்ணையும் பெரிதா சிறிதா என்று ஒப்பிட விடாது, அந்த இடத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் இரண்டுமே சரம் என்றால் அதுவும் அகராதி ஒழுங்கில்தான் ஒப்பிடும்.

மாணவர் இரண்டையும் எண்ணாக மாற்றிய பிறகு ஒப்பிடும்படி திருத்தினார். பிழை போனது. ஆனால் குழு இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் பாதிதான் சரி. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் வகையை யாரும் அறிவிப்பதில்லை, அதனால்தான் இப்படி வருகிறது, பலகையில் ஓடும் சி நிரலில் ஒவ்வொரு மாறிக்கும் வகை எழுதியிருக்கிறது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலரும் பார்த்துவிட்டுத்தான் விடுகிறது, ஆகவே அந்தப் பக்கத்தில் இது வராது என்று முடிவு செய்தார்கள். அடுத்த மாதத் தேடல் வேறு திசையில் போனதற்கு இந்த நம்பிக்கையே காரணம்.

கார்த்திகை: மழைக்குள் பூச்சியம்

கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. குளம் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறியது. கொப்பியும் குறுஞ்செய்தியும் அங்குலம் பிசகாமல் ஒத்துப்போயின. பிறகு ஒரு மாலை, "10 அடி 8 அங்" என்ற செய்தியை அடுத்து வந்தது "0 அடி 0 அங்". அதன் பிறகு வந்த எல்லாமே பூச்சியம்.

எல்லோரும் கருவி பழுது என்றே நினைத்தார்கள். உணரியின் வயர் இணைப்பைக் கழற்றித் துடைத்து மீண்டும் கட்டினார்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதிகளை வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் மழை ஓய்ந்து, துருசும் திறந்திருந்ததால் குளம் அரையடி இறங்கியது. செய்தியும் சரியாக வரத் தொடங்கியது. இணைப்பைத் திருத்தியதால் சரிவந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த மழை இரவில் வந்தது. குளம் மறுபடி ஏற, மறுபடி பூச்சியம். 11 அடியில் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கீழே இருந்த சில குடும்பங்கள் பொருட்களை நகர்த்தாமல் படுத்துவிட்டன. வட்டவிதானை வழமைபோல ரோச் லைற்றுடன் போய்க் கோலைப் பார்த்து, குளம் வான் பாய்வதைக் கண்டு வீடுவீடாகத் தட்டி எழுப்பினார். ஆட்களுக்கும் மாடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கால் ஓரம் விட்டிருந்த நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது. அது ஒரு குடும்பத்தின் சிறுபோக மிளகாய்த் தோட்டத்துக்கான இயந்திரம். இதைச் சின்ன நட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தேடல் போன திசை

இந்தக் கட்டத்தில்தான் நிரலின் மீதும் சந்தேகம் வந்தது. மாணவர் மூன்று சோதனைகள் செய்தார். முதலில் பைத்தானில் மூல எண்ணாக 800 கொடுத்தார், சரியான விடை வந்தது. பிறகு அதே சி வரியை மடிக்கணினியிலேயே கொம்பைல் செய்து ஓட்டினார், சரியான விடை வந்தது. கடைசியாக, பலகையில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட்தான் (0 அல்லது 1 வைக்கும் 16 இடங்கள்) என்று எங்கோ படித்த நினைவில், மூல எண்ணையும் 61-ஐயும் 16 பிட் வகை என்று வெளிப்படையாக அறிவித்து மடிக்கணினியில் ஓட்டினார். அப்போதும் சரியான விடைதான் வந்தது.

ஆகவே நிரல் சுத்தம், உணரிதான் பிழை என்று முடிவாகி, புது உணரி வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள்.

கொப்பி சொன்னது

நான் போன அன்று வட்டவிதானை கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாணவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, உது பழுதாப்போற மாதிரித் தெரியேல்ல. ஒவ்வொரு முறையும் பத்தே முக்காலிலதான் சாகுது. இறங்கினா உயிர் வருது."

கைபேசிச் செய்திகளைக் கொப்பியோடு வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது முற்றிலும் சரி. பூச்சியத்துக்கு முன்னால் வந்த கடைசிச் செய்தி ஒவ்வொரு முறையும் 10 அடி 8 அங்குலம். திரும்ப வந்த முதல் செய்தியும் அதுவே. தளர்ந்த வயரோ நீர் புகுந்த உணரியோ நாள் மாறி, மழை மாறி ஒரே அங்குலத்தில் நின்று வேலை செய்யாது. எண்ணைப் பார்த்து நடப்பது நிரல் மட்டும்தான்.

பத்தே முக்கால் அடியை மூல எண்ணாக்கினோம். 205-ஐக் கழித்தால் 537-க்கும் 538-க்கும் நடுவே விழுகிறது. 537 × 61 = 32757. 538 × 61 = 32818. ஊனோவில் இன்ட் என்ற சாதாரண முழு எண் வகை தாங்கக்கூடிய பெரிய எண் 32767.

மேசையில்

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக அதோடு விடவில்லை. குளத்துப் பலகையைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, உணரிக்குப் பதிலாகத் திருகினால் வோல்ற்று மாறும் ஒரு தடையைப் பூட்டி, மூல எண்ணையும் இடைவிடைகளையும் கணினித் திரைக்கு அனுப்பவைத்தோம். மெல்லத் திருகிக்கொண்டே போக, வித்தியாசம் 537 ஆகும்வரை ஒழுங்கான மட்டம் வந்தது. 538-இல் பெருக்கத்தின் விடை −32718 என்று வந்தது. 16 பிட்டில் அடங்கும் எண்கள் மொத்தம் 65536, மேல் எல்லையைத் தாண்டினால் எண் வழிந்து கீழ் முனையில் இருந்து தொடரும்: 32818-இல் இருந்து 65536 போனால் வருவது அதுதான். 10-ஆல் வகுத்து −3271 மில்லிமீற்றர். அது பூச்சியத்துக்குக் கீழே, ஆகவே காவல் வரி பூச்சியமாக்கியது. அதற்கு மேல் 5 மீற்றர் வரை எங்கே திருகினாலும் பெருக்கம் எதிர்க்கணியத்திலேயே இருந்தது, ஆகவே எப்போதும் பூச்சியம்.

காவல் வரி இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே "−10 அடி" என்று ஒரு செய்தி வந்திருக்கும். எந்த வயரும் அப்படிப் பழுதாகாது என்று அன்றே தெரிந்திருக்கும். இந்த உணரிகள் வெறும் குளத்துக்கு 0 அல்ல, 4 மில்லிஅம்பியர் தருவதற்கே காரணம் உண்டு: வயர் அறுந்தால் 0 வரும், அதைக் கண்டு பழுது என்று அறியலாம். அந்தக் காவல் வரி வற்றிய குளம், அறுந்த வயர், எண் வழிந்த கணக்கு மூன்றையும் ஒரே பூச்சியத்துக்குள் போட்டு மூடிவிட்டது. பெருக்கல் பிழையைவிட இதுதான் அதிக நாட்களைத் தின்றது.

மடிக்கணினி ஏன் சரி என்றது

பைத்தானில் முழு எண்ணுக்கு அகலம் என்று ஒன்று கிடையாது. நினைவகம் உள்ளவரை எண் வளரும். அதோடு, 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் சாதாரண வகுத்தல் குறி எப்போதும் தசம எண்ணையே தருகிறது. அங்கே ஓடியது பார்வைக்கு அதே வரி. ஆனால் செய்த கணக்கு வேறு.

சி மொழியில் இன்ட் குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்றுதான் விதி. அதற்குமேல் எவ்வளவு என்பது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொம்பைலருக்கும் உரியது. மடிக்கணினியில் 32 பிட், ஊனோவின் 8 பிட் சிப்பில் 16 பிட். ஆகவே கொம்பைல் செய்து பார்த்தேன் என்பது மட்டும் எதையும் நிறுவாது. எந்தச் சிப்புக்காகக் கொம்பைல் செய்தது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது சோதனை ஏன் ஏமாற்றியது என்பது பலருக்குத் தெரியாத இடம். இன்ட்டைவிடச் சிறிய வகைகளை சி மொழி பெருக்குவதற்கு முன் இன்ட்டாக உயர்த்திவிடும். மடிக்கணினியில் 16 பிட் எண்கள் இரண்டும் 32 பிட்டாகிப் பெருக்கப்பட்டன. பெருக்கத்தின் விடையையே ஒரு 16 பிட் மாறிக்குள் போட்டிருந்தால்தான் அங்கே பிழை தெரிந்திருக்கும். மாறாக, பைத்தானிலேயே நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் 16 பிட் அணிவரிசையில் 538-ஐயும் 61-ஐயும் பெருக்கியபோது ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் −32718 வந்தது. பைத்தானைப் போல இன்டர்பிரெட்டரில் (நிரலை ஓடும்போதே வாசித்து இயக்கும் மென்பொருளில்) ஓடும் மொழி என்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. உள்ளே இருக்கும் எண்ணின் அகலமே முடிவு செய்கிறது.

கொம்பைலர் ஏன் சொல்லவில்லை? ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் இயல்பாக அணைக்கப்பட்டே வரும். எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம், இந்த வரிக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. மூல எண் ஓடும்போதுதான் தெரியும், அது 743-ஐ எட்டும் என்று கொம்பைலர் எப்படி அறியும்?

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ரொக்கெற்றின் முதல் பயணம் குலைந்ததும் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக்கிய இடத்தில்தான். ஏரியன் 4-இல் ஒழுங்காக வேலை செய்த நிரல் அது. புதிய ரொக்கெற்றின் கிடைவேகம் பெரிதாக இருந்தது. அங்கே ஏடா மொழி பிழையைக் கண்டுபிடித்தது, ஆனால் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று அந்த மாற்றத்துக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. அளவு சிறியது, பரலுக்குள் சோதித்த நிரல் குளத்துக்குப் போனதும் அதே வகைச் சங்கதி.

திருத்தம்

மாணவர் முதலில் விடையை வைக்கும் மாறியை 32 பிட்டான லோங் வகைக்கு மாற்றினார். மேசையில் திருகினோம், அதே பூச்சியம். பெருக்கல் இரண்டு இன்ட்டுகளுக்கு நடுவே 16 பிட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது, லோங் அதற்குப் பிறகே வருகிறது. கொத்தால் அளக்கும்போது சிந்திய நெல் பெரிய சாக்கில் கொட்டினால் திரும்பி வராது.

பெருக்கப்படும் எண்களில் ஒன்றாவது லோங்காக இருக்க வேண்டும். மாறியைப் பழையபடி இன்ட்டாக்கிவிட்டு, 61-க்குப் பின்னால் எல் என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தார். மில்லிமீற்றர் இப்போது 3281 என்று சரியாக வந்தது. ஆனால் திரையில் மட்டம் "−10 அடி −8 அங்" என்று வந்தது!

இரண்டாவது பிழை அடுத்த வரியில் இருந்தது. 3281-ஐ 10-ஆல் பெருக்கினால் 32810, அதுவும் 32767-ஐத் தாண்டுகிறது. தற்செயலாக இரண்டு வரிகளும் கிட்டத்தட்ட ஒரே நீர்மட்டத்தில் வழிந்தன. முதலாவது பூச்சியமாக்கிவிட்டதால் இரண்டாவது தெரியவே இல்லை. இதைப் பைத்தானில் சரிபார்த்தபோது இன்னொரு வித்தியாசமும் கண்ணில் பட்டது: −128 அங்குலத்தை 12-ஆல் பிரித்தால் சி −10 அடி −8 அங்குலம் என்கிறது, பைத்தானின் முழுஎண் வகுத்தல் −11 அடி 4 அங்குலம் என்கிறது. சி பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது, பைத்தான் கீழ்நோக்கி இறக்குகிறது. எதிர்க்கணியம் வரக்கூடிய இடங்களில் இரண்டையும் ஒப்பிடுபவர்கள் இதை முதலே தெரிந்திருப்பது நல்லது.

அந்த வரியிலும் லோங் போட்ட பிறகு 205 முதல் 1023 வரை ஒவ்வொரு மூல எண்ணையும் பலகையிலேயே ஓட்டி, விடைகளைப் பைத்தான் விடைகளோடு ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்தன.

தசம எண்ணில் எழுதியிருந்தால் இது வந்திருக்காதே என்று அப்போது கேட்கப்பட்டது. உண்மைதான். ஊனோவில் தசம எண் 32 பிட், ஆறேழு இலக்கத் துல்லியம் உண்டு, இந்த வேலைக்கு அது தாராளம். 2 கிலோபைட் நினைவகம் உள்ள சிப்பில் மாணவர் அதைத் தவிர்த்தது நியாயமான யோசனைதான். ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவியில் அந்தச் சிக்கனத்துக்குத் தேவை இருக்கவில்லை.

பின்விளைவும் மாற்றங்களும்

மார்கழியில் குளம் மறுபடி வான் பாய்ந்தது. மணி 11 அடியில் அடித்தது, செய்தியும் கொப்பியும் ஒத்துப்போயின. உணரிக்குச் சேர்த்த பணத்தை, இயந்திரத்தை இழந்த குடும்பத்துக்குக் கொடுப்பது என்று அமைப்பு முடிவெடுத்தது.

காவல் வரி நீக்கப்பட்டது. மூல எண் 180-க்குக் கீழே போனால் இப்போது "உணரி பழுது" என்ற செய்தி வரும், அதற்கும் 205-க்கும் நடுவே மட்டுமே பூச்சியம் காட்டும். ஒவ்வொரு குறுஞ்செய்தியின் கடைசியிலும் மூல எண் சேர்கிறது. அது முதலிலேயே இருந்திருந்தால், உணரி நன்றாக இருக்கிறது என்பதைக் கைபேசியைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். இனி எந்தத் திருத்தம் செய்தாலும், முழு வீச்சையும் பலகையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டி மூடப்படும்.

ஐப்பசிப் பிழை திருத்தப்பட்ட அன்றே, எண் ஒரு வகையில் இருந்து இன்னொன்றுக்கு மாறும் எல்லா இடங்களையும் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். உணரி முதல் மணி வரை அப்படி ஆறு இடங்கள்கூட இல்லை. பழுது என்று சந்தேகம் வந்த நாளிலேயே மணியை நம்ப வேண்டாம் என்று எல்லா வீடுகளுக்கும் அறிவித்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது, அமைப்பின் நடைமுறையில் இப்போது எழுத்தில் இருக்கிறது.

பக்கத்து ஊர்க் குளத்துக்கும் இதே கருவி கேட்டிருக்கிறார்கள். அங்கே ஈஎஸ்பி32 பலகை போடுவதாகத் திட்டம். அதில் இன்ட் 32 பிட், ஆகவே இந்தப் பெருக்கல் வழியாது. ஆனால் அதன் மூல எண் 4095 வரை போகும், 5 வோல்ற்றையும் அது தாங்காது. 250 ஓம் தடையும் 205, 61 என்ற எண்களும் அங்கே செல்லாது. அந்தக் கணக்கை மாணவர் இப்போது புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்.